ஊட்டிக்குக் கிளம்பும் முன் ரேடியேட்டர் ஒழுகினால்

காரின் ரிசர்வ் பாட்டிலில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு ஊட்டிக்குக் கிளம்ப வேண்டும். இந்த நிலையில் பலரும் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றி நிரப்பிவிட்டு, போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்துவிடுகிறார்கள். சமவெளியில் அது ஓடிவிடும். சென்னையிலிருந்து மேட்டுப்பாளையம் வரைகூட எந்தச் சிக்கலும் தெரியாமல் போய்ச் சேரலாம். மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டி ஏற்றம் பிடித்த பிறகு, இரண்டாம் கியரில், ஐந்து பேர், பெட்டிகள், ஏசி எல்லாம் சேர்ந்த சுமையில்தான் அந்தச் சிறு கசிவு பெரிதாகும்.

காரணம் அழுத்தம். ரேடியேட்டர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருக்கும். அது பார் என்ற அழுத்த அலகின் கணக்கு, 0.9 பார் என்பது சுமார் 13 பிஎஸ்ஐ. அந்த அழுத்தம் இருக்கும்வரை வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 118 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் ஏழெட்டு டிகிரி கூடும். எங்காவது ஓட்டை இருந்தால் அழுத்தம் நிற்பதில்லை. அப்போது வெறும் தண்ணீர் கடல்மட்டத்தில் 100 டிகிரியிலும், 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 92, 93 டிகிரியிலும் கொதித்துவிடும். பல கார்களில் ரேடியேட்டர் ஃபேன் சுற்றத் தொடங்குவதே அந்த வெப்பத்தையொட்டித்தான். ஆகவே கசிவு என்றால் தண்ணீர் குறைவது மட்டும் அல்ல, மீதித் தண்ணீர் சீக்கிரம் கொதிப்பதும் சேர்ந்துதான். இதனால்தான் "கொஞ்சம்தானே ஒழுகுகிறது" என்று சொட்டை வைத்து முடிவெடுக்கக் கூடாது. எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கிளம்பலாமா, வேண்டாமா என்ற பேச்சே வர வேண்டும்.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

வண்டிக்கு அடியில் ஈரம் என்றாலே ரேடியேட்டர் இல்லை. ஏசி ஓடிய வண்டியில், முன் பயணி காலடிக்குக் கீழே சொட்டுவது பெரும்பாலும் ஏசித் தண்ணீர். அது நிறமற்றது, மணமற்றது. கூலண்ட் பச்சை, சிவப்பு, நீலம் என்று ஏதாவது நிறத்தில் இருக்கும். விரலில் தேய்த்தால் வழுக்கும். லேசான இனிப்பு வாசம் வரும். நாக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது. கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் கொடிய விஷம். அதன் இனிப்புச் சுவைக்கு நாயும் பூனையும் வந்து நக்கிவிடும் என்பதால், தரையில் சிந்தியதை உடனே தண்ணீர் விட்டுக் கழுவி, மண் போட்டுத் துடைத்துவிடுங்கள்.

எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். பாட்டிலை மட்டும் பார்த்து நம்புவது ஆபத்து. மூடி ரேடியேட்டரின் மேலேயே இருக்கும் வண்டிகளில் ரிசர்வ் பாட்டில் வெறும் சேமிப்புத் தொட்டி. எஞ்சின் சூடாகும்போது வெளியேறும் கூலண்ட் அதற்குப் போகிறது. குளிரும்போது மூடியில் உள்ள சிறு வெற்றிட வால்வு வழியாகத் திரும்ப இழுக்கப்படுகிறது. அந்த வால்வு அடைத்தாலோ, பாட்டிலுக்குப் போகும் மெல்லிய டியூப் வெடித்திருந்தாலோ, பாட்டில் நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே போகும். குளிர்ந்த பிறகு ரேடியேட்டரின் மேல் ஹோஸ் (எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் குழாய்) சப்பிப்போய்க் கிடந்தால் அந்த வால்வைச் சந்தேகப்படலாம். வேறு சில வண்டிகளில், குறிப்பாக ஐரோப்பிய வடிவமைப்புகளில், ரேடியேட்டரில் மூடியே இருக்காது. பாட்டிலின் மூடிதான் அழுத்தம் தாங்கும் மூடி. அங்கே பாட்டிலின் அளவே உண்மையான அளவு.

அடுத்து, இரவில் வண்டியின் முன்பகுதிக்குக் கீழே பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் விழுந்த இடத்துக்கு நேர் மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். அண்டர்கவர் (எஞ்சினுக்கு அடியில் உள்ள மூடுதட்டு) இருக்கும் வண்டிகளில் ஒழுகியது தட்டில் ஓடி வேறிடத்தில் சொட்டும் என்பதால் கவரைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது நல்லது. காய்ந்த கூலண்ட் வெள்ளையாகவோ நிறமாகவோ உப்புப் பூத்ததுபோல் தடம் விடும். ஈரம் காய்ந்துபோனாலும் அந்தத் தடம் ஊற்றுவாயைக் காட்டிக்கொடுக்கும்.

இத்தனைக்கும் பிடிபடாவிட்டால் பிரஷர் டெஸ்டர் உள்ள மெக்கானிக்கிடம் போங்கள். ரேடியேட்டர் வாயில் மூடிக்குப் பதிலாக ஒரு கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியுள்ள அழுத்தம் வரை, அதற்கு மேல் அல்ல, காற்றடிப்பார்கள். பதினைந்து நிமிடம் முள் இறங்காமல் நின்றால் அமைப்பு இறுக்கம். இறங்கினால் எங்கோ போகிறது. குளிர்ந்த எஞ்சினில் வைத்தே சூட்டுநிலை அழுத்தத்தைக் கொடுத்துப் பார்ப்பதால், வீட்டு வாசலில் தெரியாத கசிவு இதில் தெரிந்துவிடும். அதே கருவியில் மூடியையும் மாட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள். ரப்பர் வளையம் காய்ந்து வெடித்த மூடியை மாற்றியதோடு முடிந்துபோகும் வேலைகள் நிறைய உண்டு; வாங்கும்போது பழைய மூடியில் உள்ள அதே எண்தான் இருக்க வேண்டும். அதிக அழுத்தம் நல்லது என்று 0.9 இருந்த இடத்தில் 1.3 மாட்டினால் அடுத்த பலவீனமான இடம் விட்டுக்கொடுக்கும்.

இன்று ஓடும் பெரும்பாலான கார்களின் ரேடியேட்டர், அலுமினியக் கோரின் (கூலண்ட் ஓடும் மெல்லிய குழாய்கள் அடங்கிய நடுப்பகுதி) இரு முனைகளிலும் பிளாஸ்டிக் டேங்க் வைத்து, நடுவில் ரப்பர் கேஸ்கெட் போட்டு, அலுமினியப் பற்களை மடக்கி இறுக்கியது. அதிகம் ஒழுகுவது அந்த மடிப்பு ஓரத்தில்தான். ஆண்டுக்கணக்கில் சூடும் குளிருமாக மாறிமாறி ரப்பர் கல்லாகிவிடும். இரண்டாவது இடம், பிளாஸ்டிக் டேங்கில் ஹோஸ் மாட்டும் கழுத்து. கிளிப்பை அளவுக்கு மீறி முறுக்கியவர்கள் வைத்த மயிரிழை விரிசல் அங்கே இருக்கும். கீழே உள்ள ட்ரெயின் பிளக்கின் (கூலண்டை வடிக்கும் அடைப்பான்) ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தையும் பாருங்கள். மாற்றச் சில ரூபாய்தான் ஆகும். கோரின் நடுவில் ஈரம் என்றால் கல் பட்டதாகவோ அரிப்பாகவோ இருக்கும்.

ரேடியேட்டரைத் தாண்டியும் பாருங்கள். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் கூலண்ட் அதன் வழியாக வெளியேறும்படி வைத்த துளை அது; அதை அடைக்கக் கூடாது, பம்பை மாற்ற வேண்டும். டைமிங் பெல்ட்டால் பம்ப் ஓடும் எஞ்சின்களில், பெல்ட்டையும் அந்த வேலையோடு மாற்றிவிடுவது புத்திசாலித்தனம், ஒரே கூலியில் முடியும். எஞ்சினுக்குப் பின்னால் ஓடும் இரும்புக் குழாய், பல வருடம் போர்வெல் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில் உள்ளிருந்தே துருப்பிடித்து ஓட்டையாகும். ஹீட்டர் ஹோஸ்களை நம் ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஹீட்டரைப் போடாவிட்டாலும் பல வண்டிகளில் அந்தக் குழாய்களில் கொதிநீர் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, அவையும் கிழடாகின்றன. முன் பயணி பக்கத் தரைவிரிப்பு ஈரமாகி, கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படிந்தால் ஹீட்டர் கோர், அதாவது டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர், போயிருக்கிறது.

வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் வண்டி தண்ணீர் குடிக்கிறது என்றால் கவலைப்படுங்கள். அது ஹெட் கேஸ்கெட்டாக (எஞ்சின் பிளாக்குக்கும் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) இருக்கலாம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்போல் இறுகுவது, மூடி திறந்திருக்கையில் தொடர்ந்து குமிழி வருவது, சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாசத்தோடு வெள்ளைப் புகை, ஆயில் மூடியின் அடியிலும் டிப்ஸ்டிக்கிலும் பால் காபி நிறம் ஆகியவை அடையாளங்கள். கூலண்டில் எஞ்சின் புகை கலந்திருப்பதைக் காட்டும் கேஸ் டெஸ்ட் திரவம் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில், ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்த்தால் நீலம் மஞ்சளாக மாறுவது உறுதி சொல்லும். இந்தப் பழுதோடு எந்த நெடும்பயணமும் வேண்டாம். வாடகை வண்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

எதை மாற்றுவது, எதைச் சரிசெய்வது

கிளிப் தளர்ந்து ஹோஸ் நுனியில் ஒழுகுவது எளிய பழுது. கழுத்தின் நுனியில் ஒரு மேட்டு வளையம் இருக்கும். கிளிப் அதற்கு உட்புறமாக உட்கார வேண்டும், மேட்டின் மேல் அல்ல. ஹோஸ் நுனியில் மட்டும் வெடிப்பு இருந்து நீளமும் இடம் கொடுத்தால், இரண்டு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் திரும்ப மாட்டலாம். ஹோஸை விரலால் அமுக்கும்போது மொறமொறவென்று இருந்தாலோ, ஊறிய அப்பளம்போல் நொளநொளத்தாலோ முழு ஹோஸையே மாற்றுங்கள். மேல் ஹோஸ் போனால் கீழ் ஹோஸுக்கும் அதே வயசு.

பிளாஸ்டிக் டேங்க் விரிசலுக்கும் மடிப்பு ஓரக் கசிவுக்கும் புது ரேடியேட்டர்தான் என் தீர்ப்பு. ரேடியேட்டர் கடைகளில் பற்களைப் பிரித்து, கேஸ்கெட் மாற்றி, மறுபடி மடக்கித் தருவார்கள். ஒருமுறை மடங்கி நிமிர்ந்த அலுமினியப் பல் இரண்டாம் முறை உடைய வாய்ப்பு அதிகம். ஊருக்குள் ஓடும் வண்டிக்கு அது போதும். மலைக்குப் போகும் வண்டிக்கு முந்தின நாள் செய்த அந்த வேலையை நான் நம்பமாட்டேன். அம்பாசடர், பழைய ஜீப் போன்ற வண்டிகளின் பித்தளை ரேடியேட்டர் வேறு கதை. அதை ஈயம் வைத்துப் பற்றவைத்து, தொட்டித் தண்ணீரில் அமிழ்த்திக் காற்றடித்துக் குமிழி வராததைக் கண்ணால் பார்த்துவிட்டு எடுத்துவந்தால் பல வருடம் உழைக்கும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். சில வண்டிகளில் சாவி இல்லாமலே ஃபேன் சுற்றத் தொடங்கும். முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரை ரேடியேட்டரிலிருந்து விடுவித்தால் போதும், கேஸ் குழாய்களைத் தொட வேண்டாம். அடியில் ரேடியேட்டர் உட்காரும் இரண்டு ரப்பர் புஷ்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய வேலையில் யாரோ தொலைத்துவிட்ட அந்த ரப்பர் இல்லாததால், புது ரேடியேட்டரின் டேங்க் அதிர்ந்து அதிர்ந்து விரிசல் விடும். சில ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் கியர் ஆயில் கூலர் ரேடியேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும். அது உள்ளே உடைந்தால் ஆயிலும் கூலண்டும் கலந்து இளஞ்சிவப்புக் கூழாகும். கண்டால் கியர்பாக்ஸையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

மஞ்சள் தூள், எம்-சீல், ஸ்டாப் லீக்

ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடும் வழக்கம் லாரி டிரைவர்களிடமிருந்து வந்தது. தூள் ஊறிப்போய்த் துளையில் அடைந்து கசிவை நிறுத்துவது உண்மை. அகலமான குழாய் கொண்ட பழைய பித்தளை ரேடியேட்டர் அதைத் தாங்கியது. இப்போதைய அலுமினியக் கோரின் குழாய்கள் மிகக் குறுகியவை. துளையை அடைக்கும் அதே தூள் நல்ல குழாய்களையும் ஹீட்டர் கோரையும் அடைக்கும். கசிவு நிற்கும், எஞ்சின் சூடாகும். மலையேற்றத்துக்கு இதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது.

கடையில் கிடைக்கும் ஸ்டாப் லீக் திரவமும் அதே தத்துவம்தான், கொஞ்சம் நாகரிகமாக. கோரில் ஊசித் துளை அளவு கசிவுக்கு, வேறு வழியே இல்லாதபோது, பாட்டிலில் எழுதியுள்ள அளவு மட்டும் போடலாம். மூடி ரேடியேட்டரில் உள்ள வண்டிகளில் அதை ரேடியேட்டருக்குள்தான் ஊற்ற வேண்டும். ரிசர்வ் பாட்டிலில் ஊற்றினால் அது அங்கேயே தங்கிவிடும், எஞ்சினுக்குள் சுற்றாது. ஹோஸ் வெடிப்பு, பிளாஸ்டிக் விரிசல், ஹெட் கேஸ்கெட் எதற்கும் அது உதவாது.

பிளாஸ்டிக் டேங்க் விரிசலுக்கு எம்-சீல் வைத்து அருகிலுள்ள ஊர்வரை வந்துவிடலாம், இடத்தைத் தயார்செய்தால். விரிசலுக்குக் கீழ்வரை கூலண்டை இறக்கி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, எமரித்தாளால் சுற்றிலும் இரண்டு விரற்கடை தேய்த்து, நன்றாகக் காயவிட வேண்டும். இரண்டு கட்டியையும் சம அளவில் எடுத்து ஒரே நிறமாகும்வரை பிசைந்து, அமுக்கி ஒட்டி, பாக்கெட்டில் சொன்ன நேரம் விட வேண்டும். சூடான, ஈரமான டேங்கில் அப்பினால் பத்து கிலோமீட்டரில் உரிந்து வரும். ஹோஸுக்கு, தன்மேல் தானே ஒட்டும் சிலிகான் டேப் நல்லது. துடைத்துக் காய்ந்த ஹோஸில், டேப்பை இரு மடங்கு நீளம் இழுத்தபடி, பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றுங்கள்.

நிரப்புவதும் காற்றை எடுப்பதும்

வண்டி கையேட்டில் சொன்ன வகைக் கூலண்டையே வாங்குங்கள். நிறத்தை வைத்து வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் பச்சை இன்னொரு கம்பெனியின் பச்சை அல்ல, பொருந்தாத இரண்டு கலந்தால் உள்ளே கூழ் கட்டலாம். "ரெடி டு யூஸ்" என்று எழுதியிருந்தால் தண்ணீர் சேர்க்கக் கூடாது. கான்சன்ட்ரேட் என்றால் பாதிக்குப் பாதி பாதுகாப்பான கலவை. நம் வெயிலுக்கு 30 சதவீதமே போதும் என்று சொல்லும் கையேடுகளும் உண்டு. கலக்கும் தண்ணீர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும். உப்புப் போர்வெல் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும், கெட்டித் தண்ணீர் குழாயில் பாறைபோல் படியும்.

ஒரு கணக்கை விட்டுவிடுகிறார்கள். ட்ரெயின் பிளக்கைத் திறந்தால் ரேடியேட்டர்தான் காலியாகும். எஞ்சின் பிளாக்கில் ஒரு பகுதி தங்கிவிடும். தண்ணீர் விட்டு ஃப்ளஷ் செய்த வண்டியில் அந்தத் தங்கல் வெறும் தண்ணீர். அதன் மேல் பாதிக்குப் பாதி கலவையை ஊற்றினால் மொத்தம் நீர்த்துப்போகும். மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்றால், முதலில் 2.5 லிட்டர் கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊற்றி, மீதியைத் தண்ணீரால் நிரப்புங்கள். அப்போது கணக்கு சரியாக வரும்.

பிறகு காற்று. உள்ளே காற்று மாட்டினால் புது ரேடியேட்டரோடும் எஞ்சின் சூடாகும். வண்டியின் மூக்கு சற்று மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்த நிலையில் ஐடிலில் ஓடவிடுங்கள். பிளீட் ஸ்குரூ (காற்றை வெளியேற்றும் திருகு) உள்ள எஞ்சினில் அதைத் திறந்து, குமிழியில்லாமல் கூலண்ட் வந்ததும் மூடுங்கள். எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கும்போது மேல் ஹோஸ் சட்டென்று சூடாகும், உள்ளே அளவு இறங்கும், நிரப்புங்கள். ஹோஸை மெல்ல அமுக்கி அமுக்கி விடுங்கள். ஃபேன் இரண்டு முறை சுற்றி நின்றதும், ததும்பாமல் பார்த்து மூடியைப் போடுங்கள். மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினில் திறந்து பார்த்தால் கொஞ்சம் குறைந்திருப்பது இயல்பு. இரண்டாம் நாளும் குறைந்தால் கசிவு இன்னும் இருக்கிறது. இதனால்தான் இந்த வேலையைக் கிளம்பும் முந்தின மாலையில் செய்யக் கூடாது. நான்கு நாளாவது முன்னால் முடித்து, நடுவில் ஏசி போட்டு நாற்பது ஐம்பது கிலோமீட்டர், முடிந்தால் ஒரு மேம்பாலமும் நெரிசலும் உள்ள பாதையில், ஓட்டிப் பாருங்கள்.

மலைப் பாதையில்

பல சிறிய கார்களில் வெப்ப முள் இல்லை, ஒரு சிவப்பு விளக்குதான். அது எரியும்போது காலம் கடந்திருக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் பழுது பார்க்கும் கருவியைச் சொருகும் ஓபிடி போர்ட்டில் ஒரு சிறு புளூடூத் அடாப்டரை மாட்டினால் கூலண்ட் வெப்பம் எண்ணாகவே கைபேசியில் தெரியும். பக்கத்தில் இருப்பவர் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். 105 டிகிரியைத் தாண்டினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டிலும் புளோயரை முழு வேகத்திலும் வைத்துக் கண்ணாடிகளை இறக்குங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் ஹீட்டர் கோர் இரண்டாவது ரேடியேட்டராக வேலை செய்யும். அப்படியும் 110-ஐ நெருங்கினால் ஓரம் நிறுத்துங்கள்.

ஏறிய முள் சட்டென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் குறைத்துக் காட்டலாம். அந்தக் கணமே எஞ்சினை அணைக்க வேண்டும். இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓட்டுவதில் ஹெட் வளைந்து, லேத்தில் ஃபேசிங் (வளைந்த அடிப்பரப்பைச் சமப்படுத்துவது) வரை போகும் செலவு, ரேடியேட்டர் விலையைப்போல் பல மடங்கு.

நின்ற பிறகு குறைந்தது முக்கால் மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள். மேல் ஹோஸை அமுக்கினால் மெத்தென்று அமுங்க வேண்டும். தடித்த துணியைப் போட்டு, முகத்தை விலக்கி, முதல் தடைவரை மட்டும் திருப்பி, காற்று சீறி முடிந்ததும் திறவுங்கள். குளிர்ந்த தண்ணீரைக் குபீரென்று ஊற்றினால் சூடான அலுமினிய ஹெட் விரிசல் விடலாம். கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு ஊற்றுங்கள்.

வண்டியில் 5 லிட்டர் தண்ணீர், ஒரு லிட்டர் கூலண்ட், அளவுக்கேற்ற இரண்டு கிளிப், ஸ்குரூ டிரைவர், சிலிகான் டேப், டார்ச், பழைய துணி இருக்கட்டும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை உள்ளதால், சோதனைச் சாவடியில் பறிபோகாதபடி தண்ணீரைக் கெட்டியான கேனில் எடுத்துச் செல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033-ஐ அழைக்கலாம். ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்கவிடாதீர்கள். பிளாட்பெட் லாரி வரும்வரை காத்திருங்கள். நிறைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் எஞ்சின் ஓடினால்தான் உள்ளே ஆயில் சுற்றும். சக்கரம் மட்டும் உருண்டால் கியர்பாக்ஸும் போய்விடும்.